மூடியைப் பற்றிய இரண்டு வரிகள்

மார்ச் 4, புதன்

'குட்டி ஆய்வகம்' பக்கத்தை எழுதும் சோதனைக்குழாய் மாமா அவர்களுக்கு,

நான் நீதிமன்றத்தில் தட்டச்சர். சாட்சி சொல்பவர் அழுதாலும் சிரித்தாலும் அவர் சொன்னதை மட்டும் தட்டச்சு செய்வது என் வேலை. அந்தப் பழக்கத்திலேயே இதையும் எழுதுகிறேன்.

உங்கள் சிறுவர் பத்திரிகையின் பிப்ரவரி இதழ், பதினேழாம் பக்கம், 'பறக்கும் மூடி'. தேவையானவை: மூடியுள்ள சிறிய சீசா, சமையல் சோடா, வினிகர். செய்முறை நான்கு வரி. "மூடியை நன்றாக மூடிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். சற்று நேரத்தில் டப்பென்று மூடி பறக்கும்!" என்று முடிகிறது. பக்கத்தின் ஓரத்தில் மூக்குக் கண்ணாடி போட்ட எலி ஒன்று கைதட்டிக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி 22, ஞாயிறு, காலை பத்தரை மணி. என் மகளுக்கு ஒன்பது வயது. இருமல் மருந்துச் சீசா ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டாள். கண்ணாடிச் சீசா, திருகு மூடி. நீங்கள் எழுதியபடி சோடாவைப் போட்டாள், வினிகரை ஊற்றினாள், நன்றாக மூடினாள், தள்ளி நின்றாள். மூடி பறக்கவில்லை. ஏன் பறக்கவில்லை என்று பார்க்கக் கிட்டே போனாள். சீசா வெடித்தது. ஒரு துண்டு இடது கண்ணில் பாய்ந்தது. அன்று பிற்பகலே அறுவை சிகிச்சை நடந்தது. பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

உங்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். எழுதுவதற்கு முன் இந்தச் சோதனையை ஒரு வீட்டில், ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு, நீங்கள் செய்து பார்த்தீர்களா? ஆம் அல்லது இல்லை என்று பதில் எழுதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகியின் தாய்


மார்ச் 10

அன்புடையீர்,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம். தங்கள் மகளுக்கு நேர்ந்தது அறிந்து ஆசிரியர் குழு மிகவும் வருந்துகிறது. அவள் விரைவில் பூரண நலம் பெற விழைகிறோம்.

'குட்டி ஆய்வகம்' பகுதியில் வெளியாகும் சோதனைகள் யாவும் பெரியவர்கள் துணையோடு மட்டுமே செய்யப்பட வேண்டியவை என்பது ஒவ்வோர் இதழிலும் அந்தப் பக்கத்தின் அடியில் குறிப்பிடப்பட்டு வருகிறது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

தங்கள் மகளுக்கு எங்கள் அன்பின் அடையாளமாக ஓராண்டுக்கு இதழை இலவசமாக அனுப்பி வைக்கிறோம். முதல் பிரதி இத்துடன் வருகிறது.

சோதனைக்குழாய் மாமா
(ஆசிரியர் குழுவுக்காக)


மார்ச் 15, ஞாயிறு

மாமா அவர்களுக்கு,

இலவசப் பிரதியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். படிக்க வேண்டியவள் இப்போது கண்ணுக்கு வேலை கொடுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பக்கத்தின் அடியில் இருக்கும் குறிப்பைத் தேடிப் பார்த்தேன். இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வெள்ளைத் தாளில் இளமஞ்சள் எழுத்து. அளவுகோல் வைத்து அளந்தேன், எழுத்தின் உயரம் ஒன்றரை மில்லிமீட்டர். எலியின் வால் அதைவிடத் தடிமனாக இருக்கிறது.

என் கேள்விக்குப் பதில் வரவில்லை. நீதிமன்றத்தில் இப்படிச் சுற்றி வளைத்துப் பேசுபவரை நீதிபதி ஒரு தடவை பொறுத்துக்கொள்வார். நானும் ஒரு தடவை பொறுத்துக்கொள்கிறேன்.

பதிலை நான் எனக்காகக் கேட்கவில்லை. என் மகளை வீட்டில் குண்டூசி என்று கூப்பிடுவோம். ஆளும் ஒல்லி, கேள்வியும் சுருக்கென்று இருக்கும். ஆஸ்பத்திரியில் கண் விழித்த நாளிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"அம்மா, நான் சோடாவை ஜாஸ்தியா போட்டுட்டேனா?"

"இல்லடா."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ பாக்கலையே. மாமாகிட்ட கேட்டுச் சொல்லு."

தான் தப்பாகச் செய்ததால்தான் இப்படி ஆகிவிட்டது என்று நம்புகிறாள். நான் சொன்னால் எடுபடாது. எனக்கு அறிவியல் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை இரண்டாவது அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு கண் அசையக்கூடாது என்பதற்காக மூன்று வாரம் இரண்டு கண்ணையும் கட்டி வைக்கப் போகிறார்கள்.

குண்டூசியின் அம்மா


மார்ச் 22

அம்மா அவர்களுக்கு,

இது பத்திரிகை அலுவலகத்திலிருந்து வரும் கடிதம் இல்லை. நான் எழுதுவது ஆசிரியருக்குத் தெரியாது. போன கடிதத்தில் கையெழுத்து மட்டும்தான் என்னுடையது. வாசகங்கள் அவருடையவை.

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில்: இல்லை.

வீட்டில் செய்து பார்க்கவில்லை. குழந்தையை வைத்தும் செய்து பார்க்கவில்லை. கல்லூரி ஆய்வகத்தில், கண்ணுக்குக் கவசம் மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு தடவை செய்தேன். இரண்டு தடவையும் மூடி அழகாகப் பறந்தது. அது போதும் என்று நினைத்துவிட்டேன்.

நான் மாமாவும் இல்லை. ஐம்பத்திரண்டு வயதுப் பெண். பெண்கள் கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆய்வக உதவியாளர். எனக்கு முன்னால் அந்தப் பக்கத்தை எழுதியவர் விலகியபோது, பேரை மாற்றினால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள் என்று அதே பேரை எனக்கு மாட்டிவிட்டார்கள். ஆறு வருடமாக நான்தான் மாமா. என் வீட்டில் நானும் என் அக்காவும் மட்டும். குழந்தைகள் கிடையாது.

நான் எழுதிக் கொடுத்த பக்கத்தின் நகலை வைத்திருக்கிறேன். செய்முறை அதில் ஆறு வரி. அச்சில் வராமல் போன இரண்டு வரிகள் இவை:

'கண்ணாடிச் சீசாவும் திருகு மூடியும் வேண்டவே வேண்டாம், லேசாக அழுத்தி மூடும் பிளாஸ்டிக் டப்பா மட்டும். மூடி பறக்காவிட்டால் கிட்டே போகாதீர்கள், பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.'

அதோடு 'டப்பா' என்று நான் எழுதியதை யாரோ 'சீசா' என்று மாற்றியிருக்கிறார்கள். சோப்பு விளம்பரம் ஒன்று எதிர்பார்த்ததைவிடப் பெரியதாக வந்துவிட்டதாம். இடம் பற்றாமல் வரிகளை எடுத்திருக்கிறார்கள்.

இதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அச்சுக்குப் போகும் முன் திருத்தம் பார்க்க அந்தப் பக்கம் என்னிடம் வந்தது. வெள்ளிக்கிழமை, செய்முறைத் தேர்வு நாள், கழுவ வேண்டிய குழாய்கள் மேசை நிறையக் கிடந்தன. ஈரக் கையோடு 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். படிக்கவில்லை. அந்தக் கையெழுத்து என்னுடையதுதான், அதை யாரும் மாற்றவில்லை.

உங்கள் மகளிடம் சொல்லுங்கள். சோடா அளவு சரி. வினிகர் அளவு சரி. தள்ளி நின்றதும் சரி. பறக்காத மூடி ஏன் பறக்கவில்லை என்று போய்ப் பார்ப்பதுதான் அறிவியல் செய்கிறவர்கள் எல்லாரும் செய்வது. தப்பு பக்கத்தில் இருந்தது.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கேட்பதால் ஒன்றும் சரியாகிவிடாது என்று தெரியும்.

இப்படிக்கு,
(மாமா என்று போட முடியவில்லை)


மார்ச் 29, ஞாயிறு

மாமா அவர்களுக்கு,

வேறு பெயர் நீங்கள் எழுதாததால் இதையே வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தைக் குண்டூசிக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு கண்ணும் கட்டியிருக்கிறது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டாள். முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி:

"மாமா பொம்பளையா?"

சிரித்துவிட்டாள். ஐந்து வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு. பிறகு சோடா பகுதியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னாள். அதன் பிறகு அந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "மாமா உன்கிட்டதானே ஸாரி கேட்டிருக்காங்க? கண்ணு என்னோடது" என்றாள். கடிதத்தை மறுபடி பார்த்தேன். அவள் சொன்னது சரி.

படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்களை நான் தினமும் பார்க்கிறேன். கூண்டில் ஏறியதும் எல்லாரும் வேலை அதிகம் என்பார்கள். நீங்களும் அதைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் யாரும் கேட்காமலே சொன்னீர்கள். அந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டேன்.

விடுபட்ட இரண்டு வரிகளைக் காட்டினீர்கள். என் முதல் கடிதத்திலும் இரண்டு வரிகள் இல்லை. இடம் பற்றாமல் அல்ல, நானேதான் எழுதாமல் விட்டேன். அவை இவை:

சோடாவைப் போடும் முன் அவள் கூப்பிட்டாள், "அம்மா, வந்து பாரேன்." நான் பின்பக்க பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "இரு, வர்றேன்" என்றேன். மூடி பறக்காதபோது மறுபடி கூப்பிட்டாள். மறுபடி "இரு, வர்றேன்" என்றேன்.

கையில் ஒரு போர்வை இருந்தது. அதை உதறிக்கொண்டிருக்கும்போது சத்தம் கேட்டது.

இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அவளுடைய அப்பாவிடமும் சொல்லவில்லை. அவர் கப்பலில் இருக்கிறார், ஜூலையில்தான் வருவார்.

இன்னொன்று. கண் கட்டிக்கொண்டு படுத்திருப்பது அலுத்துவிட்டது அவளுக்கு. "கண்ணை மூடிக்கிட்டே செய்யுற மாதிரி சோதனை ஏதாவது இருக்குதா?" என்று கேட்கிறாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது.

குண்டூசியின் அம்மா


ஏப்ரல் 2

அம்மா அவர்களுக்கு,

அடுத்த பத்தி குண்டூசிக்கு. வாசித்துக் காட்டுங்கள்.

குண்டூசி, உன் கண்ணுக்கு இப்படி ஆனதற்கு நான் ஒரு காரணம். படித்துப் பார்க்க வேண்டியதைப் படிக்காமல் விட்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீ மன்னித்தே ஆக வேண்டும் என்று இல்லை.

இனி உங்களுக்கு. கண்ணை மூடிக்கொண்டு செய்யும் சோதனைகள் இருக்கின்றன. இரண்டை எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை வீட்டிலேயே, கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு, கட்டிலில் சாய்ந்தபடி செய்து பார்த்தேன். அக்கா வாசலில் நின்று, "ஏண்டி, இந்த வயசுல கண்ணாமூச்சியா?" என்று கேட்டாள். உப்பு ஜாடி ஒன்று கவிழ்ந்தது, ஆகவே சமையலறையில் செய்ய வேண்டாம். தலையைக் குனியவோ ஆட்டவோ தேவையில்லாதவையாகப் பார்த்துத்தான் எடுத்தேன். ஆனாலும் டாக்டரிடம் இந்தத் தாளைக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

ஒன்று. ஒரு முழ நூலின் நடுவில் தேக்கரண்டியைக் கட்டுங்கள். நூலின் இரு முனைகளையும் அவள் இரண்டு ஆள்காட்டி விரல்களிலும் சுற்றி, அந்த விரல்களால் காதுகளை மூடிக்கொள்ளட்டும். தொங்கும் கரண்டியை இன்னொரு கரண்டியால் நீங்கள் லேசாகத் தட்டுங்கள். உங்களுக்குக் 'கிணுக்'கென்று கேட்கும். அவளுக்கு என்ன கேட்கிறது என்று அவள் சொல்லட்டும்.

இரண்டு. இரண்டு தீக்குச்சிகளின் மருந்தை உடைத்து எடுத்துவிட்டு, மழுங்கிய முனைகளை ஒரு விரல்கடை இடைவெளியில் பிடித்துத் தோலில் லேசாகத் தொடுங்கள். தொட்டது ஒன்றா இரண்டா என்று கேளுங்கள். விரல் நுனி, முன்கை, முதுகு. முகத்துக்குக் கிட்டே வேண்டாம்.

மே இதழில் திருத்தம் போட வேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்டேன். "போடுறது பெரிய வேலை இல்லம்மா. போட்டா தப்பு நம்மோடதுன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும்" என்றார்.

"நம்மோடதுதானே சார்" என்றேன்.

"பாக்கலாம்" என்றார். அவர் பாக்கலாம் என்றால் பார்க்க மாட்டார் என்று அர்த்தம். திருத்தம் போட ஒப்புக்கொள்ளும் வரை மே மாதப் பக்கத்தைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

துணி காயப்போட்டதைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.  அதற்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன்.

மாமா


ஏப்ரல் 7

மாமா அவர்களுக்கு,

டாக்டரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "இதை யார் எழுதினது? மத்த பிள்ளைகளுக்கும் ஒரு நகல் குடுங்க" என்றார். கொடுத்தேன். யார் எழுதியது என்பதைச் சொல்லவில்லை.

கீழே இருப்பது குண்டூசி சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தது. ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

"மாமா, முதல்ல ஸாரிக்கு பதில். யோசிச்சிட்டு இருக்கேன். அவசரப்படுத்தாதீங்க. ஒண்ணாவது சோதனை: தேக்கரண்டி பெரிய மணி மாதிரி கேட்டுச்சு. அப்புறம் அம்மாவை குழம்புக் கரண்டி எடுத்துட்டு வரச் சொன்னேன். அது இன்னும் பெரிய மணி! தோசைத் திருப்பி நல்லா இல்ல, தகரம் மாதிரி இருக்கு. சத்தம் நூல் வழியா வருதுன்னு நினைக்கிறேன், ஏன்னா விரலை எடுத்தா போயிடுது. ரெண்டாவது: விரல் நுனிக்கு ரெண்டுன்னு தெரியுது. முதுகுக்கு ஒண்ணுதான் தெரியுது. முதுகு மக்கு. அம்மா முதுகுலயும் பண்ணினேன். அம்மா முதுகும் மக்குதான். ஆனா அம்மா நடுவுல பேசாம இருந்துட்டாங்க, அதனால ரெண்டு விடை கணக்குல சேரல."

பதிவு முடிந்தது. நான் பேசாமல் இருந்தது உண்மை. அவள் கையால் என் முதுகைத் தடவித் தடவி இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

உங்கள் செய்முறையில் இரண்டு குறைகள். 'ஒரு முழம்' என்றால் யாருடைய முழம்? அவள் முழத்துக்குக் கட்டினால் கரண்டி தாடையில் இடிக்கிறது. தட்டுவது எவ்வளவு லேசாக என்றும் இல்லை, முதல் தட்டில் அவள் துள்ளிவிட்டாள். இனி எழுதும்போது கவனியுங்கள்.

வெள்ளிக்கிழமை கட்டுப் பிரிக்கிறார்கள்.

குண்டூசியின் அம்மா


ஏப்ரல் 13

மாமா அவர்களுக்கு,

கட்டுப் பிரித்தார்கள். வலது கண் நன்றாக இருக்கிறது. இடது கண்ணுக்கு வெளிச்சம் தெரிகிறது. எதிரே ஆள் நின்றால் ஆள் என்று தெரிகிறது, யார் என்று தெரியவில்லை. எழுத்துப் பலகையில் மேல் வரிசையில் இருக்கும் மிகப் பெரிய எழுத்தும் தெரியவில்லை. இவ்வளவுதான் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். கண்ணாடி போட்டாலும் மாறாதாம்.

நான் கேட்டுக்கொண்டேன். எழுதவும் எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மறுநாள் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். மேசை மேல் ஊற்றிவிட்டாள். நான் துணி எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது தண்ணீரைத் துடைக்காமல் யோசித்துக்கொண்டு நிற்கிறாள்.

"அம்மா, ஒரு கண்ணை மூடிக்கோ."

மூடினேன். கை எட்டும் தூரத்தில் டம்ளரை வைத்தாள். தையல் பெட்டியிலிருந்து பத்துப் பொத்தான்களை எடுத்து என் கையில் கொடுத்தாள். கையை நன்றாக உயர நீட்டி, டம்ளருக்கு நேர் மேலே வந்துவிட்டது என்று தோன்றும்போது ஒவ்வொன்றாகப் போட வேண்டுமாம். பத்தில் மூன்றுதான் உள்ளே விழுந்தது. இரண்டு கண்ணையும் திறந்து போட்டால் பத்தும் விழுந்தது. பிறகு அவள் போட்டாள். அவளுக்கும் மூன்று.

"அப்போ நான் தப்பா ஊத்தலை. ஒரு கண்ணுன்னா எல்லாருக்கும் இப்படித்தான்" என்றாள்.

"ஆமா" என்றேன்.

"இது பழகினா சரியாகுமா?"

 உங்களைக் கேட்கச் சொன்னாள்.

குண்டூசியின் அம்மா


மே 3

அம்மா அவர்களுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம், தெரியாமல் எழுதக்கூடாது என்பதுதான். பழகினால் சரியாகும் என்று புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தை மட்டும் நம்பி எழுத இப்போது எனக்குக் கை வரவில்லை. அதனால் நானே செய்து பார்த்தேன்.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து தினமும் கல்லூரி விட்டு வந்து இடது கண்ணைப் பஞ்சு வைத்து மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் வீட்டு வேலை செய்தேன். முடிவில் பத்துப் பொத்தான். முதல் நாள் மூன்று. நான்காம் நாள் இரண்டு. ஏழாம் நாள் ஐந்து. அன்று ஒன்றைக் கண்டுபிடித்தேன். தலையை இலேசாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திப் பார்த்தால், கிட்டே இருப்பது அதிகமாக நகர்கிறது, தூரத்தில் இருப்பது குறைவாக நகர்கிறது. அதை வைத்து டம்ளர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. பதினைந்தாம் நாள் எட்டு. நேற்றும் எட்டு. பத்து ஒரு நாளும் வரவில்லை. அக்காவும் செய்தாள், அவளுக்கு ஆறு. அட்டவணையை இத்துடன் வைத்திருக்கிறேன். தலையை நகர்த்தலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

கடைசியில் ஆசிரியர் இறங்கி வந்தார், மே இதழில் திருத்தம் வந்துவிட்டது. பதினேழாம் பக்கம், முக்கால் பக்கம், கறுப்பு எழுத்து. அந்த இரண்டு வரிகளும் பெரிதாக இருக்கின்றன. அதைப் பார்த்து ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். கோடை வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்குச் செய்து காட்டச் சீசாக்களைச் சேர்த்து வைத்திருந்தாராம். எல்லாம் கண்ணாடி. கடிதத்தைப் படித்துவிட்டு ஆசிரியர் அதை மடித்து மேசை அறைக்குள் வைத்தார். அப்புறம், "அடுத்த மாசத்திலேருந்து வேற மாமா எழுதுவாரு" என்றார். சரி என்று சொல்லிவிட்டு, 'ஒவ்வொரு சோதனையையும் ஒரு குழந்தை செய்து பார்த்த பிறகே அச்சிட வேண்டும்' என்று ஒரு தாளில் எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அவர் அதைப் படித்தார். அதை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

எனக்கு இப்போது பக்கம் இல்லை. குண்டூசிக்கு ஏதாவது கேட்க வேண்டுமானால் வீட்டு முகவரிக்கு எழுதட்டும்.

மாமாவாக இருந்தவள்


மே 12

மாமா அவர்களுக்கு,

அட்டவணையைக் குண்டூசி சுவரில் ஒட்டியிருக்கிறாள். பக்கத்தில் அவளுடையதும் இருக்கிறது. ஐந்து நாளாகிறது. நேற்று ஆறு. உங்கள் அக்காவைத் தொட்டுவிட்டாளாம், உங்களைத் தாண்டப் போகிறாளாம். பக்கம் போய்விட்டது என்று சொன்னேன். "பக்கம் போனா என்ன, கேள்வி என்கிட்டதானே இருக்கு" என்றாள்.

துணி காயப்போட்ட விஷயத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை அவளிடமே சொன்னேன். "நீ ரெண்டு தடவ கூப்பிட்டே, நான் வரலை" என்றேன். "தெரியும்மா" என்றாள். "நான் மூணாவது தடவ கூப்பிடலாம்னு இருந்தேன்" என்றாள்.  அவளுடைய அப்பாவுக்கும் எழுதிவிட்டேன்.

நீங்கள் கேட்ட மன்னிப்பைப் பற்றி யோசித்து முடித்துவிட்டாளாம். நேரில்தான் சொல்வாளாம், கடிதத்தில் சொல்ல மாட்டாளாம். உங்களைக் கூப்பிடச் சொல்லி நான்கு நாளாக நச்சரிக்கிறாள்.

என்னைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். உங்களைப் பார்க்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. வருமா என்றும் தெரியாது. ஆனாலும் வாருங்கள். 24ஆம் தேதி ஞாயிறு, காலை பத்து மணிக்கு வந்தால் நான் வீட்டில் இருப்பேன்.

பேருந்தில் கடைசி நிறுத்தம். மருந்துக்கடைச் சந்தில் மூன்றாவது கட்டடம், இரண்டாம் மாடி. லிஃப்ட் கிடையாது. அழைப்புமணி வேலை செய்யாது, கதவைத் தட்டுங்கள்.

உட்காரும்போது அவளுக்கு வலது பக்கமாக உட்காருங்கள். அப்போதுதான் உங்கள் முகம் அவளுக்குத் தெரியும்.

குண்டூசியின் அம்மா